மடித்துக் கிடந்த துண்டுகள்

டீச்சர் அறைக்குள் இருக்கும்வரை ஒரு துண்டுகூட மடிக்கப்படாது. வெளியே போய்வந்தால் மேசைமேல் மடித்த துண்டுகள் கிடக்கும். யார் மடித்தது என்று கேட்டால், மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஐந்து பேரும் கைகளை மடியில் வைத்தபடி, இமைக்காமல் அவள் வாயையே பார்ப்பார்கள்.

அறிவுத்திறன் குறைபாடுள்ள பெரியவர்களுக்கான பயிற்சிக்கூடம் அது. துண்டுகள் பக்கத்து ஓட்டலுடையவை. இன்று மதியம் ஓட்டல் மேனேஜர் வருகிறார். வேலை நடப்பதைக் கண்ணால் பார்த்தால்தான் தொடர்ந்து துணி தருவார். இல்லாவிட்டால் கூடத்தை மூட வேண்டியதுதான். அந்த ஐவரில் நரைத்த தலைக்காரன் டீச்சரின் அண்ணன். கூடம் மூடினால் அவனுக்குப் பழையபடி வீட்டில் ஜன்னல் கம்பிதான் துணை.

"ரெண்டா மடிங்க. ஓரத்தோட ஓரம். அண்ணா, நுனியப் பிடி. இல்ல, முதல்ல நீவி விடு. சரி, இப்படிப் பண்ணு..."

தொண்டை கட்டிப்போனது. ஐந்து சிலைகள். தண்ணீர் குடிக்க வெளியே போனாள்.

திரும்புகையில் நடையிலேயே கால் நின்றுவிட்டது. மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து அவள் குரலே கேட்டது.

"ரெண்டா மடிங்க. ஓரத்தோட ஓரம்."

அதே இழுப்பு, அதே சலிப்பு. தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்தாள், அது அசையவில்லை.

கதவுக் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தாள். அசைந்தது அண்ணனின் உதடு. சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டான். வெகுநேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு, தூக்கத்திலிருந்து எழுவதுபோலக் கைகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. ஓரம் ஓரத்தைத் தேடிச் சேர்ந்தது.

"அப்படித்தான்! இன்னொண்ணு எடுங்க!" என்று உள்ளே ஓடினாள். எல்லாக் கைகளும் ஒரே நொடியில் மடிக்குத் திரும்பின.

"ஏண்ணா நிறுத்திட்ட?"

"டீச்சர் பேசினா கை மடியில இருக்கணும். நீதான பாப்பா சொன்ன?"

அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் சிரித்தாள். "டீச்சருக்கு வாயே வலிக்காது."

மேனேஜர் வந்தார். "ரெண்டா மடிங்க. ஓரத்தோட ஓரம்," என்று சொல்லி டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அறை உறைந்தது.

"என்னம்மா, ஒண்ணும் நடக்கலயே?"

அவள் விரலை உதட்டில் வைத்துக் காட்டினாள். மேனேஜர் நெளிந்தார். சுவர்க் கடிகாரம் மட்டும் பேசியது.

கைகள் எழுந்தன.

டீச்சருக்கு இப்போது புரிந்தது: ஒரே தடவை சொல்ல வேண்டும், எப்போதும் அதே சொற்களில். சொன்னது காதில் நுழைந்து கைக்கு வந்து சேரும்வரை வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும்.