கழுவக் கழுவ

"இத ஊத்திக் கழுவிட்டு வந்தாத்தான் அடுப்படி. இல்லேன்னா உங்கம்மா வீட்டுக்கு நடையக் கட்டு!"

குளியலறை வாசலில் ரோஜா நிறப் பாட்டிலை ணங்கென்று வைத்தார் மாமியார். மருமகளுக்கு ஆறு மாதமாக அந்தரங்கத்தில் அரிப்பு, வாடை. அந்த வீட்டில் அதற்கு நோய் என்று பெயரில்லை. அசுத்தம் என்று பெயர். 'பெண்மையின் தூய்மை' என்று அச்சடித்த அந்தத் திரவத்தை ஊருக்கெல்லாம் விற்பவன் அவள் கணவன். மாமியாரும் அதற்கு வாடிக்கை. அரிப்பு கூடக்கூட, இன்னும் இரண்டு மூடி சேர்த்து ஊற்றச் சொன்னான் கணவன். சரக்கின் மேல் அப்படியொரு நம்பிக்கை. அவன் உடம்பில் மட்டும் ஒரு சொட்டு பட்டதில்லை.

அவளோ நுண்ணுயிர் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள். ஆரோக்கியமான பெண்களின் யோனியிலிருந்து எடுத்த நல்ல பாக்டீரியாவைத் தட்டில் புள்ளி புள்ளியாக வளர்த்து, மேலே கெட்ட கிருமியைப் பரப்புவாள். மறுநாள் தட்டெல்லாம் கெட்டது படர்ந்திருக்கும். நல்லதைச் சுற்றி மட்டும் பளிச்சென்று ஒரு வெற்று வட்டம். அமிலத்தைக் கசியவிட்டுக் கெட்டதை அண்டவிடாமல் உட்கார்ந்திருக்கும். ரோஜா வாசனையும் இல்லை, விளம்பரமும் இல்லை.

ஒருநாள் இரண்டு வகைக் கிருமிகள் மேலும் கணவனின் சரக்கை விட்டுப் பார்த்தாள். நல்லது கூண்டோடு காலி. கெட்டதில் பாதி சாவகாசமாகப் பிழைத்திருந்தது.

வீட்டில் சொன்னாள். 'யோனி' என்றதுமே மாமியார் காதைப் பொத்திக்கொண்டார். "கடைக்காரன் பொண்டாட்டி பேசுற பேச்சா இது?" என்றான் கணவன்.

மறுநாளே யாருக்கும் தெரியாமல் ஒரு டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தாள். அவர் கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்டாள். பாட்டிலைக் கவிழ்த்துவிட்டு அதில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்தாள்.

ஒரே மாதத்தில் குணம்.

"பாத்தியா, எம் புள்ள சரக்கு!" என்று மார்தட்டினார் மாமியார். கணவனின் வியாபார மூளையும் விழித்தது. அவளைக் குணமாக்கிய அதே பாட்டிலை அவள் ஆய்வகத்துக்கே அனுப்பினான். "சான்றிதழை லேபிள்ல போடணும். நம்ம சரக்கு, கொஞ்சம் பாத்துப் போடு."

பார்த்துத்தான் போட்டாள். சான்றிதழ் வந்ததும் அவனே உரக்கப் படித்தான்: "நல்ல பாக்டீரியாவுக்குத் தீங்கில்லை. உள்ளே இருப்பது, குழாய்த்..."

குரல் இறங்கியது.

"எனக்குக் குணமானது டாக்டரம்மா மாத்திரையில. கடைச் சரக்கையும் சோதிச்சிருக்கேங்க. அது அடுத்த பக்கம்."

அவன் பக்கத்தைப் புரட்டவில்லை.

சற்று நேரத்தில் மாமியார் தன் பாட்டிலோடு அடுப்படிக்கு வந்தார். கதவைச் சாத்தினார். பாட்டிலைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டுக் குழாயைத் திறந்தார்.

"எம் புள்ளகிட்ட சொல்லிராத," என்றார், முகத்தைத் திருப்பிக்கொண்டு. "முப்பது வருஷமா அரிக்குது. அந்த டாக்டரம்மா, வயசானவங்களையும் பாப்பாங்களா?"