கறை விழாத படம்

பயறு மணியை விடச் சின்னப் பூ. அதுவும் இலையின் முதுகுப் பக்கம் ஒளிந்துகொண்டுதான் பூக்கும். பயேசா ஊருக்கு மேலே மலைச்சரிவு இடிந்தபோது, சாய்ந்து கிடந்த மரத்திலிருந்து சோய்லா எடுத்து வந்த ஆர்கிட் அது. சரிவு முழுக்க மண்ணாகிப் போனது. அதே செடியை அவள் வேறெங்கும் பார்க்கவில்லை. ஒரு காய் பிடித்தால் விதையெடுத்துவிடலாம். ஆனால் சமையலறை ஜன்னலோரத்தில் அது பூப்பதும் உதிர்வதுமாக அடம்பிடித்தது. குச்சி முனையால் மகரந்தத்தைத் தொட்டு வைக்கப் போய் இரண்டு பூவைக் கிள்ளியதுதான் மிச்சம்.

காய்க்காவிட்டாலும் படமாவது இருக்கட்டும் என்று கேமரா வாங்கினாள். இவ்வளவு சின்னப் பூ ஒரே படத்தில் தெளிவாக விழாது. கேமராவை மயிரிழை மயிரிழையாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, கணினியில் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். சேர்த்தால் பூவின் உதடு போன்ற அடியிதழருகே எப்போதும் புகை மாதிரி ஒரு கறை. தூசிதான் என்று நினைத்து, தினமும் படமெடுக்குமுன் ரப்பர் பந்தை அழுத்திப் பூவின் மேல் காற்றடிப்பாள். அதற்கும் மிஞ்சிய கறையைக் கணினியில் துடைத்துவிடுவாள்.

அன்று காலை பந்தைக் காணோம்.

“கிழவா, என் பந்து எங்க?”

“கரி பத்த மாட்டேன்னுச்சு, அடுப்புக்கு ஊதினேன். அதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு!” கணவன் செகுந்தோ சாம்பல் படிந்த பந்தை நீட்டினான்.

“நல்லா இருப்பே! இனி பூ மேல சாம்பலையா அடிக்கிறது?”

வேறு வழியில்லாமல் ஊதாமலே படமெடுத்தாள். சேர்த்ததில் கறை என்றைக்கும் இல்லாத அளவு பெரிதாக வந்தது. எந்தப் படத்தில்தான் இந்தச் சனியன் விழுகிறது? எரிச்சலோடு ஒவ்வொன்றாகத் திறந்தாள்.

கறைக்குக் கால் இருந்தது. சிறகும் இருந்தது. ஈரப் பாசியில் மொய்க்கும் கொசு மாதிரியான குட்டிப் பூச்சி ஒன்று, வயிற்றை வளைத்து, பூவைத் தன் பெண்டாட்டி என்று நினைத்துக் கட்டிக்கொண்டிருந்தது. அது கிளம்புகிற படத்தில் வயிற்றில் மஞ்சளாக ஒரு துளி. மகரந்தம்!

மாப்பிள்ளையையா தினமும் ஊதித் துரத்தினோம்? அவளுக்கு வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அப்போது முதுகுக்குப் பின்னால் டப்பா குலுங்கும் சத்தம் கேட்டது. செகுந்தோ பூச்சி மருந்தோடு ஜன்னல் பக்கம் போய்க்கொண்டிருந்தான்.

“அடிக்காதே! அடிச்சே, அந்த டப்பாவோட உன்னையும் வெளிய தள்ளிடுவேன்!”

“வாங்கிட்டு வரச் சொன்னதே நீதானே? தினம் என் காபியிலதான் விழுந்து சாகுது!”

“மூடி வச்சுக் குடி. முதல்ல இங்க வந்து பாரு.”

அவன் திரையருகே குனிந்து பார்த்தான். “அடப்பாவி! இவ்வளவு நாளா இவனையா அழிச்சிட்டிருந்தே?”

அவள் சாம்பல் படிந்த பந்தை எடுத்து அவன் கையில் திணித்தாள்.

ரப்பர் பந்து அதோடு அடுப்புக்கே சொந்தமாகிவிட்டது. அடுத்த முறை இரண்டு பூக்கள் ஒன்றாக விரிந்தன. ஒன்று வழக்கம்போல உதிர்ந்தது. மற்றது உதிரவில்லை. இதழ் வாடி, அடிப்பக்கம் அரிசி நொய்யளவு பருத்துக்கொண்டு வந்தது. சோய்லா கேமராவை எடுக்கவும் மறந்து, கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

செகுந்தோ காபியின் மூடியைத் திறந்தான். அதற்கென்றே காத்திருந்த மாதிரி ஒரு பூச்சி உள்ளே விழுந்தது. திட்ட வாயெடுத்தவன், கரண்டி நுனியால் அதைப் பதமாகத் தூக்கி, செடியின் இலைமேல் விட்டான்.

“போடா, உனக்கு வேலை கிடக்கு.”