பெருநாள் ஆட்டின் மஞ்சள் வில்லை

லுப்னாவின் மகள் ஹிபாவை நாய் கடித்துவிட்டது என்ற சத்தம் கேட்டதும், கறிக்கடை அஹ்மிதோ கத்தியைப் போட்டுவிட்டு வெளியே ஓடினார். குழந்தைக்கு ஆறு வயது. முழங்காலுக்குக் கீழே நான்கு பற்கள் பதிந்திருந்தன. தூங்கிக்கொண்டிருந்த லபனின் வாலை மிதித்துவிட்டாளாம். லபன் அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்த வெள்ளை நாய்.

லுப்னா குழாயடியில் காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். "பயப்பட ஒண்ணுமில்ல. அதோட காதப் பாருங்க, மஞ்சள் வில்லை இருக்கு. காப்பகத்துல ஊசி போட்ட நாய்தான். ஆஸ்பத்திரிக்கு எதுக்கு அலையணும்?"

கூடியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். மொராக்கோவின் தெதுவான் ஊரில் இது எல்லோருக்கும் தெரியும். ஊருக்கு வெளியே இருக்கும் காப்பகத்தார் தெருநாய்க்குக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, காதில் மஞ்சள் வில்லை மாட்டி, பிடித்த இடத்திலேயே விட்டுவிடுவார்கள். அந்த வில்லை இருந்தால், நாய்களைப் பிடித்துக் கொல்லும் நகராட்சி வண்டி தொடாது.

 ஆனால் லபனின் காதில் அந்த வில்லையை மாட்டியவர் அஹ்மிதோதான். பெருநாளுக்கு வரும் ஆடுகளின் காதிலும் அதே மஞ்சளில் வில்லை தொங்கும். போன மாதம் வண்டி வரப்போகிறது என்று பேச்சு எழுந்தபோது, அறுத்த ஆடுகளின் வில்லைகளைத் தேடியெடுத்து, தெருவின் ஐந்து நாய்களுக்கும் காது குத்தி மாட்டிவிட்டார். உயிர்களைக் காப்பாற்றிய திருப்தியில் அன்று நிம்மதியாகத் தொழுதார்.

சொன்னால் தெருவே சிரிக்கும். லபனையும் அடித்துக் கொல்வார்கள். அவர் குழந்தையின் காலைப் பார்த்தார்.

"லுப்னா, அது ஆட்டு வில்லை. நான்தான் மாட்டுனேன். லபனுக்கு யாரும் ஊசி போடல."

"அடப்பாவி மனுஷா, அடுத்த பெருநாளுக்கு அதையும் அறுத்துக் கூறு போட்டிருப்பீரா?" என்றார் காய்கறிக்காரர். இரண்டு பேர் சிரித்தார்கள். லுப்னா சிரிக்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு டாக்ஸியை நிறுத்தினாள். ஒருவன் தடியெடுத்தான். அஹ்மிதோ குனிந்து லபனை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு காப்பகத்துக்கு விரைந்தார்.

காப்பகத்தை நடத்தும், ஊரார் மரியாதையாக 'லல்லா' என்றழைக்கும் ரஹிமோ வில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஸி அஹ்மிதோ, இந்த நம்பர் என் நோட்டுலயே இல்லையே. இவரு என்ன, மே மேன்னு கத்துவாரா?"

"மன்னிச்சிடுங்க லல்லா. தெருவுல அஞ்சு நாய்க்கும் நான்தான் ஆட்டு வில்லை மாட்டுனேன். உங்ககிட்ட ரொம்ப நாள் காத்திருக்கணும்னு சொன்னாங்க."

"வந்து கேட்டிருந்தா நானே வந்திருப்பேன். சரி விடுங்க. இவன் பத்து நாள் தனிக் கூண்டுல இருக்கட்டும். கடிச்சப்ப நோய் இருந்திருந்தா, அதுக்குள்ள தெரிஞ்சுடும். புள்ளைக்கு இன்னிக்கே ஊசி போட்டாகணும்."

"போயிட்டாங்க."

"அப்ப பாதி வேலை முடிஞ்சுது. மத்த நாலு பேரையும் நாளைக்கே கொண்டாங்க."

மறுநாள் காப்பகத்து வண்டியைக் கண்டதும் அந்த நான்கும் ஓடின. தினமும் ரொட்டி போடும் பெண்கள் வாசலுக்கு வந்து பெயர் சொல்லிக் கூப்பிட, ஒவ்வொன்றாக வாலாட்டிக்கொண்டு வந்தன. நாயென்றால் ஒதுங்கிப் போகும் காய்கறிக்காரர்கூட ஒன்றின் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். ஒரு தெருவைக் காக்க அத்தனை கைகள் போதும்.

லுப்னா அஹ்மிதோவிடம் பேசவில்லை. ஆனால் தினமும் காப்பகத்துக்குப் போன் செய்து, "லபன் சாப்பிட்டுச்சா?" என்று கேட்டாள். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் அஹ்மிதோ அங்கே நடந்து போய், கூண்டுக்கு வெளியே நின்று அதே கேள்வியைக் கேட்டார். "ரெண்டு பேருக்கும் ஒரே பதில்தான். தட்ட நக்கி வச்சிருக்கான்," என்பாள் ரஹிமோ.

பத்தாம் நாள் லுப்னா ஹிபாவுடன் வந்தாள். ரஹிமோ கூண்டைத் திறந்தாள். லபன் வெளியே வந்து, குழந்தையைத் தாண்டிப் போய், தண்ணீர்க் கிண்ணத்தில் நாக்கை விட்டுச் சளப் சளப்பென்று குடித்தது. வெறிநோய் கண்ட நாயால் அப்படித் தண்ணீர் விழுங்க முடியாது. லுப்னா முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாள்.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் அஹ்மிதோ. 

"ஸி அஹ்மிதோ, அன்னிக்கு வாயத் திறக்காம இருந்திருந்தீங்கன்னா?" என்று கேட்டாள் லுப்னா.

அவர் குனிந்து லபனின் காதைத் தடவினார்.

"திறந்துட்டீங்கல்ல," என்றாள் அவளே. பிறகு ரஹிமோவிடம் திரும்பி, "லல்லா, எங்க தெருவுக்கு அடுத்த மேல்தெருவுல ஆறு நாய் திரியுது. எனக்கு ஆறையும் தெரியும். எத்தன மணிக்கு வண்டிய அனுப்புறீங்க?" என்றாள்.