பிளாஸ்திரி மேல் ஒத்தடம்

1

இந்தக் கதை ஓர் உப்பு மூட்டையிலிருந்து கிடைத்தது. வெண்ணந்தூரில் ஒரு வீட்டு அடுப்படியில் பார்த்தேன்: பழைய வேட்டித் துணியில் கட்டிய கல்லுப்பு, ஒரு பக்கம் கருகியிருந்தது. புருசனை இழந்த அந்தப் பெண் அதைத் தூக்கிப்போட மறுத்தாள். அவளுக்கு வசந்தாமணி என்று பெயர் வைத்தேன்.

2

முதல் தொடக்கம்: ‘போர்வெல் ரிக் வண்டியில் ஊர் ஊராகப் பூமியைத் துளைத்த வெள்ளியங்கிரியின் இடுப்பெலும்பைப் புற்றுநோய் துளைத்து—’

அடித்துவிட்டேன். வலியில் கிடப்பவனை வைத்து உவமை செய்வது அசிங்கம்.

இரண்டாவது: ஆஸ்பத்திரியில் கொடுத்த வலி பிளாஸ்திரியை நெஞ்சில் ஒட்டச் சொல்லியிருந்தார்கள். வசந்தாமணி புருசனின் இடுப்பில் ஒட்டினாள். வலி அங்கேதானே இருக்கிறது?

“ஏனுங்க, தேவலையா?”

“பஞ்சர் ஒட்டுனாப்பல ஒட்டியிருக்கற. காத்து போயிட்டேதான் இருக்குது புள்ள.”

3

(கதையை இங்கே நிறுத்த வேண்டியிருக்கிறது. அது அபின் வகை மருந்து. ஒட்டிய இடத்தில் அதற்கு வேலையில்லை. தோல் வழியே மெதுவாக ரத்தத்தில் ஏறும். ரத்தத்தில் அளவு போதாவிட்டால் வலி. போதுமான அளவில் நின்றால் நிம்மதி. அதையும் தாண்டினால் உடம்பு மூச்சுவிட மறக்கும். அது ஏறும்வரை முதல் நாள் பொறுத்திருக்க வேண்டும். சூடு பட்டால் மருந்து அவசரமாக உள்ளே இறங்கும்.

இதை நர்ஸ் அவளிடம் சொன்னாளா? சொன்னதாக எழுதினால் பழி வசந்தாமணி மேல் விழுந்தது. சொல்லவில்லை என்று எழுதினால் பழிபோட வசதியாக ஒருத்தி கிடைத்தாள். இரண்டையும் கிழித்தேன்.)

4

வசந்தாமணி வாணலியில் உப்பை வறுத்தாள்.

“ரிக்ல இடுப்பு புடிச்சப்பல்லாம் இதுதானுங்க கேட்டுச்சு.”

பிளாஸ்திரி மேலேயே ஒற்றினாள். ஆறியதும் மறுபடி சூடாக்கினாள். மறுபடியும்.

“ஆ… அங்கதான். உட்டுருச்சு புள்ள. மொதல்லயே இதப் பண்ணியிருக்கலாமில்ல? டாக்டருக்குப் படிக்காம எனக்கு வாக்கப்பட்டுட்ட!”

அவள் சிரித்தாள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகுநாளாகியிருந்தது. அவர் காப்பி கேட்டார். போட்டுக்கொண்டு வருவதற்குள் தூங்கியிருந்தார். முனகல் இல்லை. எழுப்ப மனமில்லாமல் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவர் மூச்சு நிதானமாவதை, இன்னும் நிதானமாவதை, சந்தோஷமாக—

5

ஒரு முடிவில், மகள் தனப்பிரியா வந்து பிளாஸ்திரியைப் பிய்த்தெறிகிறாள், ஆம்புலன்ஸ் வருகிறது, அவர் வலியில் அலறுகிறார், வசந்தாமணி கைகூப்புகிறாள். அந்த முடிவைத்தான் விரும்பினேன். அடுப்படியில் அந்த மூட்டை இருக்கும்வரை அது பொய்.

மூட்டையை ஏன் வைத்திருக்கிறாய் என்று கேட்டபோது அவள் சொன்னது: “எந்த மருந்துக்கும் கேக்கல, இதுக்குத்தான் கேட்டுச்சு. கடைசியா வலியில்லாமத்தானுங்க போனாரு?”

சூட்டைப் பற்றி எனக்குத் தெரியும். இப்போது உங்களுக்கும் தெரியும். அவள் இன்னும் நம் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நீங்கள் சொல்லுங்கள்.