காலை ஜெபத்தில் மூன்றாவது பெயர்

"அத்தை, என் வலியெல்லாம் எங்க போகுது?" என்று அண்ணன் மகள் சிறுமியாக இருந்தபோது ஒருமுறை கேட்டாள். மாடிப்படியில் தலைகுப்புற உருண்டு, ஒரு கீறல்கூட இல்லாமல் எழுந்து நின்ற நேரம் அது. மேலே தன் அறையில் அத்தை, தானாகக் கிழிந்த முழங்கையைத் துணியால் ஒற்றிக்கொண்டிருந்தாள். "தூரமா ஒண்ணும் போகலடி" என்றாள்.

அத்தை சட்டைத் தொழிற்சாலையில் பொத்தான் தைப்பவள். பிள்ளை கிடையாது. அண்ணனுக்கு மகனும் மகளும் பிறந்ததிலிருந்து, வேலைக்குக் கிளம்பும் முன் கட்டிலோரம் முழங்காலிட்டு, இருவர் பெயரையும் ஆண்டவரிடம் சொல்லி, "அவங்களுக்கு வர்ற வலி எனக்கு வரட்டும்" என்று ஜெபித்தாள். எத்தனையோ அத்தைகள் இப்படி ஜெபிக்கிறார்கள். இவளுடையது கேட்கப்பட்டது, அவ்வளவுதான். பிள்ளைகளின் பல் முளைக்கும் காய்ச்சல் அவளுக்கு வந்தது. காதுவலி வந்தது. கணக்கு வாத்தியார் பிள்ளைகளை அடித்தால் தொழிற்சாலையில் இவள் உள்ளங்கையில் வரி வரியாகத் தடித்தது. வெள்ளைக் காலரில் ரத்தப் பொட்டு வைத்ததற்காக மேற்பார்வையாளர் சம்பளத்தில் பிடித்தார். குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வருவதைப் போலத் தெரு இதையும் ஏற்றுக்கொண்டு, அவளுக்கு 'முழங்கால்' என்று பெயர் வைத்தது.

பிள்ளைகளுக்கு விவரம் தெரிந்ததும் கெட்ட காலம் ஆரம்பித்தது. பையன் பந்தயம் கட்டி மதிலிலிருந்து குதிப்பான். கூட்டாளிகளில் ஒருவன் மாடிக்கு ஓடி, அத்தை நொண்டுகிறாளா என்று பார்த்து வந்து சொன்ன பிறகே பந்தயக் காசு கைமாறும். அண்ணிக்கும் கை நீண்டது. முன்பு ஒரு அடியோடு நிறுத்துபவள், இப்போது கரண்டி வளையும்வரை அடித்தாள். "எம் பிள்ளைக்கு வலிக்கவா போகுது? வலிக்கிறவங்க வேணும்னு கேட்டு வாங்கிக்கிட்டாங்க" என்று மாடிக்குக் கேட்கும்படி சொல்வாள். அம்மா அடிக்க அடிக்க மகள் பாடம் ஒப்பித்துக்கொண்டிருப்பாள், ஒரு வரி பிசகாமல்.

பையன் குதித்ததில் தன் கணுக்கால் உடைந்த மறுநாள் அத்தைக்கும் ஆத்திரம் வந்தது. அன்று மட்டும் ஜெபிக்காமல் வேலைக்குப் போனாள். அன்றைக்கென்று பையன் கூட்டாளிகளுக்கு வித்தை காட்டச் சூடான இஸ்திரிப் பெட்டியில் கையை வைத்தான். வலித்தது. ஆனால் வலித்தால் கையை எடுக்க வேண்டும் என்பதை அந்தக் கை ஒருநாளும் கற்றிருக்கவில்லை. எடுக்காமல், யாருடைய சத்தம் என்று தெரியாமல் தன் அலறலையே கேட்டுக்கொண்டு நின்றான். இரண்டு விரல்கள் ஒட்டிப்போயின.

"வேணும்னேதான நிறுத்தின?" என்றாள் அண்ணி. "பெத்திருந்தா மனசு வந்திருக்குமா?"

மறுநாள் விடியும் முன்பே அத்தை முழங்காலிட்டாள். அதன்பின் ஒருநாளும் தவறவில்லை. போதகர் சபையில் அவளுடைய விசுவாசத்தைப் பற்றிப் பிரசங்கித்து, அவளுக்கென்று மெத்தை வைத்த நாற்காலி ஒன்றையும் போட்டுக் கொடுத்தார். முதுகு பழுத்திருந்ததால் அவளால் அதில் சாய முடிந்ததில்லை.

வருடங்கள் போயின. பையன் வளர்ந்து வேலைக்குப் போனதும் அவளுக்கு மாதாமாதம் சத்து மாத்திரை வாங்கிக் கொடுத்தான். வண்டிக்கு எண்ணெய் விடுவது போன்ற அக்கறை. "போயிடாதீங்க அத்தை, நான் பல்லு வேற புடுங்கணும்" என்பான். மகள் கல்யாணமாகி, பிரசவத்துக்குப் படுத்து, பிஸ்கட் தின்று சிரித்துக்கொண்டே ஒரு பெண்ணைப் பெற்றாள். அதே நேரம் தொழிற்சாலையில் அத்தை பொத்தான் பெட்டியைத் தட்டிவிட்டுத் தரையில் விழுந்து, வாயில் சட்டைக் கையைத் திணித்துக் கடித்தபடி, பகல் முழுவதும் எதையும் பெறாமல் பெற்றாள். அரை நாள் கூலி போயிற்று. ஆனாலும் அன்று முகம் கழுவும்போது, தனக்கும் அதில் பங்கு உண்டு என்று நினைத்துக்கொண்டாள். மூன்றாவது பெயருக்காகக் காத்திருந்தாள்.

தடுப்பூசி போட்ட நாளில் மகள் குழந்தையோடு மாடியேறி வந்தாள். குழந்தை இன்னும் விக்கிக்கொண்டிருந்தது.

"ஏன் அத்தை இப்படி அழுவுது? நர்ஸைக் கேட்டா, என்னைப் பைத்தியம் மாதிரி பாக்குறா. ஊசி போட்டா வலிக்கத்தானே செய்யும்ங்குறா."

"கொண்டா, இனிமே அழாது" என்று அத்தை கைகளை நீட்டினாள். "பேரு என்ன வச்சிருக்கீங்க? யாரும் எங்கிட்டச் சொல்லல. நாளையிலேர்ந்து சேர்த்துக்கிறேன்."

மகள் அந்தக் கைகளைப் பார்த்தாள். கோணலாகச் சேர்ந்த மணிக்கட்டு. உள்ளங்கையில் வாத்தியாரின் பிரம்பு. முழங்கையில் மாடிப்படி. தன் பால்யம் முழுவதும் அங்கே வேறொருத்தி தோலில் பத்திரமாக இருந்தது. அவள் குழந்தையை மார்போடு சேர்த்துத் துணியால் மூடினாள்.

"பேரு மட்டும் சொல்லும்மா. தூக்கக்கூட வேண்டாம்" என்றாள் அத்தை. "அது ஒண்ணுதான் கேக்குறேன்."

மகள் திரும்பிப் படியிறங்கினாள். கடைசிப் படியில் அவள் கால் இடறியது. மேலே அத்தையின் கால் நகம் பிளந்து ரத்தம் வந்தது. அத்தை குனியவில்லை, நீட்டிய கைகளை மடக்கவுமில்லை. கீழே வாசல் கதவு திறந்தது. தன் வலியைத் தானே அழும் குழந்தையோடு, மகள் நொண்டாமல் தெருவில் நடந்து போனாள்.