பதினாறு நிமிடத்துக்கு ஒரு வாக்கியம்

ஊராருக்குக் கண் பார்த்துக் கண்ணாடி கொடுப்பது என் தொழில். ஆறு வருடத்துக்கு முன், இதே சைக்கிள் பந்தயத்தில், இதே மேட்டில், என் தம்பி என்று நினைத்து வேறொருவன் பக்கத்தில் ஓடினேன். "விடாதடா தம்பி!" என்று கத்தி, அவன் தலையில் ஒரு பாட்டில் தண்ணீரும் ஊற்றினேன். ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுவிட்டால் எல்லோரும் ஒரே ஆள்தான். அந்த முகம் தெரியாதவன் போன உயிர் திரும்பியது போல மிதித்து முதலிடம் பிடித்தான். ஒரு சக்கர இடைவெளியில் என் தம்பி இரண்டாவது. அதன்பின் அவன் எங்குமே ஜெயிக்கவில்லை. அணித் தலைவனுக்கு முன்னால் போய்க் காற்றை மறித்துக் கொடுக்கும் வேலைக்குப் போய்விட்டான். என்னிடம் பேசுவதையும் விட்டுவிட்டான்.

இன்று அவனுக்குக் கடைசிப் பந்தயம். நாளை எந்த ஊரில் இருப்பான் என்பதுகூட எனக்குத் தெரியாது. மன்னிப்புக் கேட்க இந்த மேடுதான் மிச்சம்.

பத்துச் சுற்று. சுற்றுக்குப் பதினாறு நிமிடம். மேட்டில் வேகம் குறையும். அப்படியும் என்னைக் கடக்க நான்கு நொடிதான்.

"நூத்திப் பதினாலாம் நம்பர். இந்தத் தடவையாவது பாத்துக் கத்துங்க," என்றாள் மனைவி.

எங்கள் கதையை ஏற்கெனவே கேட்டுவிட்டு, பக்கத்தில் சீருடையோடு நின்ற பஸ் டிரைவர் சிரித்தார். சாலையை அடைத்துவிட்டதால் அவருடைய பஸ் மேட்டுக்குக் கீழே நின்றது. "இது என் ரூட்டு சார். இங்க ரெண்டாவது கியரத் தாண்டாது. தைரியமா பேசுங்க."

முதல் சுற்றில், "தம்பி, அன்னிக்கு நான் வந்து..." என்று தொடங்கினேன். அதற்குள் அவன் முதுகுதான் தெரிந்தது.

"'வந்து'வ எடுத்துடுங்க," என்றாள் மனைவி.

இரண்டாவது சுற்றில், "மன்னிச்சுடுறா!" என்று மட்டும் கத்தினேன். தலை திரும்பியது. மூன்றாவதில் பதில் வந்தது.

"எதுக்கு?"

அந்த ஒரு சொல்லை நடுவில் வைத்துக்கொண்டு மூவரும் உட்கார்ந்தோம்.

"மறந்துட்டாரோ?" என்றார் டிரைவர்.

"அவனா மறப்பான்? இவரு வாயால கேக்கணும், அவ்வளவுதான்," என்றாள் மனைவி.

நான்காவதில், "ஆள் மாறி ஓடினதுக்கு!" என்றேன். ஐந்தாவதில் அவன், "ஆறு வருஷமாச்சு!" என்றான்.

"ஆறு வருஷமாச்சு, போதும்ங்கறாரா? இல்ல, ஆறு வருஷமா வயிறு எரியுதுங்கறாரா?" டிரைவருக்கு என்னைவிடக் கவலை. என் தண்ணீர் பாட்டிலை எடுத்து மொத்தமும் குடித்துவிட்டார்.

ஆறாவதில், "வீட்டுக்கு வர்றியா?" என்று கேட்டேன். ஏழாவதில் அவன் கூட்டத்துக்கே முன்னால், தலைவனை முதுகுக்குப் பின் வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி போனான். பதில் இல்லை. எட்டாவதில் கூட்டம் வந்தது. அதில் நூற்றுப் பதினாலு இல்லை.

"அவர் வேலை முடிஞ்சுது சார்," என்றார் டிரைவர் மெதுவாக. "பின்தங்கினா, கடைசில வர்ற வண்டி ஏத்திக்கிட்டுப் போயிடும்."

நாற்காலியை மடித்தேன். அப்போது கீழே ஹாரன் சத்தம்.

ஒற்றை ஆளாக வந்தான். பின்னாலேயே வண்டியும் ஒலிபெருக்கியும். "ஏறுங்க சார், உங்களுக்கு முடிஞ்சு போச்சு!"

"ஒரு பதில் பாக்கி இருக்குய்யா, சொல்லிட்டு ஏறறேன்!" என்று அவன் திரும்பிக் கத்தினான்.

நடக்கிற வேகம்தான். நான் கூடவே நடந்தேன். இப்போது எத்தனை நொடி வேண்டுமானாலும் இருந்தது. ஆனால் நான்கு நொடிக்குள் அடக்கச் சுருக்கிச் சுருக்கி, என்னிடம் பேச்சே மிஞ்சவில்லை.

அவன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். "நல்லாப் பாத்துக்கண்ணா. நான்தான்."

"தெரியுதுடா."

"அப்ப தண்ணி ஊத்து."

காலி பாட்டிலைப் பார்த்தேன். டிரைவர் வானத்தைப் பார்த்தார். மனைவி ஃப்ளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். "காப்பிதான் இருக்கு. ஆறிப்போச்சு. சக்கர வேற போட்டிருக்கு."

"ஊத்தச் சொல்லுங்க அண்ணி."

ஊற்றினேன். ஹெல்மெட்டின் துளைகள் வழியாகக் காப்பி இறங்கி அவன் மூக்கு நுனியில் சொட்டியது. நாக்கால் ருசி பார்த்தான்.

"ஞாயித்துக்கிழமை வரேன்," என்றான்.

ஆனால் வண்டியில் ஏறவில்லை. எழுந்து நின்று மிதிக்கத் தொடங்கினான். "விடாதடா தம்பி!" என்று நான் பக்கத்திலேயே ஓடினேன். எங்கள் இருவருக்கும் பின்னால் வண்டி விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது.