வல்கிரியின் இறகுச் சட்டை

கிழிந்த தலையணையிலிருந்து உருவிய வெள்ளை இறகுகளைப் பழைய கறுப்பு அங்கியான அபாயாவில் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள் சிவகொழுந்து. நாளைக்கு இந்த வீட்டுப் பிள்ளை ஆமிரா பள்ளிக்கூட மேடையில் வல்கிரியாக நிற்க வேண்டுமாம். வல்கிரியாவது மண்ணாங்கட்டியாவது! சிவகொழுந்தின் மனம் முழுக்க யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரியில் கிடந்தது. மகள் தர்மிகாவுக்குத் தலைப்பிரசவம், இந்த மாதமே. லீவு கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். "பாப்போம்க்கா" என்பாள் நஸீரா, ஆமிராவின் உம்மா. நல்ல மனுஷிதான், ஒரு வேளைச் சோற்றில் குறை வைத்ததில்லை. ஆனால் முன்பு இருந்த வேலைக்காரி லீவில் போய்த் திரும்பாததிலிருந்து அவளுக்குப் பயம், இவளும் வராமல் போவாளோ என்று. விசா கொடுத்த பொறுப்பாளி, அரபியில் கஃபீல், நஸீராவின் கணவர். சிவகொழுந்தின் பாஸ்போர்ட்டைப் படுக்கையறை அலமாரியில் பூட்டி வைத்திருப்பது நஸீரா.

"வல்கிரி எண்டால் ஆர், பிள்ளை?" என்று பக்கத்தில் இருந்த ஆமிராவைக் கேட்டாள்.

"வடக்கு நாட்டுக் கதை ஆன்ட்டி. வார்ல யார் சாகணும்னு அவங்கதான் சூஸ் பண்ணுவாங்க. செத்தவங்கள அவங்க சாமி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவாங்க."

"எங்கட பக்கம் வந்திருந்தால் அவையளுக்கு ஓய்வே கிடைச்சிருக்காது."

சோபாவில் போன் பார்த்துக்கொண்டிருந்த நஸீரா சிரித்தாள்.

"அப்புறம் வந்த கதைங்கள்ல அவங்க அன்னம். ஒருத்தி இறகுச் சட்டையைக் கழட்டி வச்சுட்டுக் குளிச்சாளா, ஒரு ஆள் எடுத்து ஒளிச்சு வச்சுட்டான். பறக்க முடியல. அவன் வீட்டுலயே சமைச்சுட்டு, பிள்ளைங்களப் பாத்துட்டு இருந்தா."

ஊசி நின்றது. "ஒளிச்சவன் ஆர்? புருஷனோ?"

ஆமிராவுக்குச் சரியான சொல் அகப்படவில்லை. ஓமான் நாட்டுச் சலாலாவில் பிறந்து வளர்ந்த பிள்ளை, தெரிந்ததைச் சொன்னாள். "அவளோட கஃபீல்."

சிவகொழுந்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பாதியிலேயே அதை நிறுத்தி, நூலைப் பல்லால் கடித்தாள். நஸீரா போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"பொறவு என்ன ஆச்சு?"

"சட்டை கெடச்சுது உம்மா. பறந்து போயிட்டா."

"திரும்பி வரவே இல்லையா?" கேட்டது மகளைத்தான், பார்வை சிவகொழுந்தின் மேல்.

"கதையில வரல."

இப்போது விட்டால் பிறகு இல்லை என்று பட்டது சிவகொழுந்துக்கு. "ஒளிச்சு வச்சபடியால்தான் வரேல்லை மேடம். கேக்கேக்கை குடுத்திருந்தால், பேரப்பிள்ளையைப் பாத்திட்டு வந்திருப்பாள்."

"கதையில பேரப்பிள்ளையே இல்லையே ஆன்ட்டி!" என்றாள் ஆமிரா.

நஸீரா எழுந்து படுக்கையறைக்குள் போனாள். அலமாரிச் சாவிக்கொத்து குலுங்கியது, அதற்குப் பிறகு சத்தமே இல்லை. சிவகொழுந்தின் மடியிலிருந்து எழும்பிய ஓர் இறகு, ஏசிக் காற்றில் கீழேயும் இறங்காமல் மேலேயும் போகாமல், படுக்கையறை வாசலில் நின்று ஆடிக்கொண்டிருந்தது.